முட்டி ஆபரேஷன்: நரம்பு ஊசி போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. வலிக்கு ‘நெர்வ் பிளாக்’ போடலாம் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடுமோ என்று அம்மா பயப்படுகிறார்.
– வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: அம்மாவுக்குத் தைரியம் சொல்லுங்கள். மயக்க மருந்து நிபுணர் ஸ்கேன் திரையில் பார்த்தபடி, நரம்பின் அருகே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் வலி அடங்கியிருக்கும். மார்ஃபின் வகை மருந்துகளின் தேவையும், அவற்றால் வரும் வாந்தி, மலச்சிக்கலும் குறையும்.

முன்பு தொடை இடுக்கில் போடுவார்கள். தொடைத் தசை தளர்ந்து, எழுந்ததும் முட்டி மடங்கி விழும் ஆபத்து இருந்தது. இப்போது பரவலாகப் போடப்படுவது நடுத்தொடையில் ‘அடக்டர் கெனால் பிளாக்’. தசை பலம் பெருமளவு காக்கப்படுவதால், மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கலாம். முட்டியின் பின்பக்க வலிக்கு வேறு ஊசியோ மாத்திரையோ தேவைப்படலாம். நரம்பு பாதிப்பு மிக அரிது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, சர்க்கரையால் பாதம் மரத்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசியின் வேகம் இறங்கும் முன்பே வலி மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். மரப்பு முழுதாகப் போகும்வரை அம்மாவைத் தனியாகக் கழிவறைக்கு அனுப்பாதீர்கள்.