தோற்கும் அணிக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளரைத் தெரிவு செய்வது எப்படி?

நிறுவனமொன்று பல வருடங்களாக நட்டத்தில் ஓடுகின்றது. பழைய முகாமையாளர் நீக்கப்பட்டுவிட்டார். புதியவர் ஒருவரைத் தேட வேண்டும். யாரைத் தெரிவு செய்வது? பெரிய நிறுவனமொன்றில் பெயர் எடுத்தவரையா? நமக்கு நன்கு அறிமுகமான நம்மவரையா? அல்லது யாருக்கும் தெரியாத ஒருவரையா?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வருடமும் பகிரங்கமாகப் பதில் தேடப்படும் ஒரு துறை உள்ளது. அதுதான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்டத் துறை. அங்கு தெரிவு சரியா, பிழையா என்பதை மறைக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் மைதானத்தில் பெறுபேறு தெரிந்துவிடும். ஆகவே தலைமைத்துவத் தெரிவு பற்றிப் படிக்க விரும்புவோருக்கு இது நல்லதொரு பாடசாலை எனலாம்.

முதலில் இந்தத் துறையை விளங்கிக்கொள்வோம்

இது நாம் காலால் விளையாடும் உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறும் அமெரிக்க விளையாட்டாகும். பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கென்று எழுபதாயிரம், எண்பதாயிரம் பேர் அமரக்கூடிய மைதானங்கள் உள்ளன. தொலைக்காட்சி உரிமை, நுழைவுச்சீட்டு, பழைய மாணவர்களின் நன்கொடை எனப் பெருந்தொகைப் பணம் புரள்கின்றது. பல மாநிலங்களில் அரச சம்பளப் பட்டியலில் மிக அதிக சம்பளம் பெறுபவர் ஆளுநர் அல்ல. பல்கலைக்கழக அணியொன்றின் பயிற்றுவிப்பாளரே.

தலைமைப் பயிற்றுவிப்பாளர் விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பவர் மாத்திரமல்ல. உயர்தரப் பாடசாலைகளிலிருந்து வீரர்களைத் தேடிப் பிடிப்பவரும் அவரே. உதவிப் பயிற்றுவிப்பாளர்களை நியமிப்பதும், நன்கொடையாளர்களைச் சந்திப்பதும், ஊடகங்களுக்குப் பதில் சொல்வதும் அவரது வேலைகளே. சுருக்கமாகச் சொன்னால், ஒரு கம்பனியின் பிரதம நிறைவேற்று அதிகாரியின் வேலை. அவரைத் தெரிவு செய்பவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் ஆவார்.

இத்தெரிவு பிழைத்தால் பணம் மாத்திரம் வீணாவதில்லை. ஒரு பயிற்றுவிப்பாளர் நீக்கப்படும்போது அவரது உதவியாளர்கள் பலரும் தொழிலை இழந்து, குடும்பத்தோடு ஊர் மாற வேண்டி வரும். அவரை நம்பி அந்தப் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்த பதினெட்டு வயது இளைஞன் நடுவழியில் நிற்பான். எனவே இது விளையாட்டான விடயம் அல்ல.

பாடம் 1: நோய் எதுவென்று அறியாமல் வைத்தியரைத் தேடாதீர்கள்

நெப்ரஸ்கா பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் இந்த விளையாட்டின் அரசனாக விளங்கியது. 1994, 1995, 1997 ஆகிய வருடங்களில் தேசிய சம்பியனானது. 2003 இல் அதன் பயிற்றுவிப்பாளர் பிராங்க் சொலிச் அந்தப் பருவத்தின் 12 போட்டிகளில் 9 இல் வெற்றி பெற்ற நிலையில் நீக்கப்பட்டார். அணி பழைய உயரத்தில் இல்லை என்பதே குறை. ஆனால் குறை என்ன என்பதைத் திருத்தமாக வரையறுக்காமலே மாற்றம் தேடப்பட்டது.

நாற்பது நாட்கள் வரை நீண்ட தேடலின் பின்னர் பில் கலஹன் நியமிக்கப்பட்டார். தொழில்முறை அணியொன்றை அதன் மிகப் பெரிய போட்டியான சுப்பர் போல் வரை கொண்டு சென்றவர் அவர். பெயர் பெரியது. ஆனால் நெப்ரஸ்கா அணி பல தசாப்தங்களாகப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முறைக்கென்றே உருவாக்கப்பட்டிருந்தது. வீரர்களும் அதற்கேற்பத் தெரிவு செய்யப்பட்டவர்கள். கலஹன் கொண்டுவந்ததோ பந்தை எறியும் முறை. 2004 இல் அணி 5 வெற்றி, 6 தோல்வி பெற்றது. 1961 இற்குப் பின்னர் வெற்றியைவிடத் தோல்வி அதிகமான முதற் பருவம் அதுவாகும். 2007 இல் அவரும் நீக்கப்பட்டார்.

நீக்கப்பட்ட சொலிச் என்ன ஆனார்? 2005 இல் ஒஹையோ பல்கலைக்கழகம் என்ற சிறிய அணிக்குச் சென்றார். அங்கு 115 வெற்றிகளைப் பெற்று 2021 இல் ஓய்வு பெற்றார். ஆள் பிழையா, இடம் பிழையா, எதிர்பார்ப்புப் பிழையா என்று நெப்ரஸ்கா முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பாடம் 2: பெயரைப் பார்க்காதீர்கள், குறைந்த வளத்தில் செய்து காட்டியதைப் பாருங்கள்

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். கென்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் பெரிய பல்கலைக்கழகங்களிடையே 500 தோல்விகளைக் கண்ட முதலாவது அணியாகும். 1987, 1988 ஆகிய இரு பருவங்களிலும் 22 போட்டிகளில் விளையாடி ஒன்றிலேனும் வெற்றி பெறவில்லை. ஒரு போட்டி மாத்திரம் சமநிலை. இந்த விளையாட்டையே கைவிட்டால் என்ன என்று பேசப்பட்ட காலம் அது.

1988 நவம்பரில் பில் ஸ்னைடர் என்பவர் அங்கு தெரிவு செய்யப்பட்டார். வயது 49. பல்கலைக்கழக அணியொன்றுக்கு அதற்கு முன் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்ததே இல்லை. அப்படியானால் அவரிடம் எதைக் கண்டார்கள்?

அவர் அயோவா பல்கலைக்கழகத்தில் ஹேடன் பிரை என்ற பயிற்றுவிப்பாளரின் கீழ்த் தாக்குதல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். பிரை 1979 இல் பொறுப்பேற்றபோது அயோவாவும் 1961 இன் பின்னர் நல்லதொரு பருவத்தைக் காணாத அணியே. இரண்டே வருடங்களில், 1981 இல், அது ரோஸ் போல் என்னும் புகழ்பெற்ற போட்டி வரை சென்றது. ஸ்னைடர் அந்த மாற்றத்தை உள்ளிருந்து பார்த்தவர்; அதில் பங்கெடுத்தவர். உச்சியில் இருந்த அணியை உச்சியில் வைத்திருந்தவர் அல்ல, விழுந்து கிடந்த அணியொன்று எழும்பியதைக் கூடவே இருந்து கண்டவர். தோற்கும் அணிக்குத் தேவையான தகைமை இதுதான்.

இன்னோர் உதாரணம் நமது காலத்தில் நடந்தது. இந்தியானா பல்கலைக்கழகமும் பெரிய அணிகளிடையே தோல்விக்குப் பெயர் போனது. 2023 இல் 3 வெற்றி, 9 தோல்வி. அவ்வருடம் நவம்பர் இறுதியில் கேர்ட் சிக்னெட்டி என்பவரை நியமித்தது. வயது 62. அலபாமா என்ற மாபெரும் அணியில் உதவியாளராக இருந்த இவர், 2011 இல் அதை விட்டு இரண்டாம் பிரிவில் ஆடும் சிறிய பல்கலைக்கழகமொன்றுக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராகப் போனவர். அங்கும் வென்றார். பின்னர் எலோன் என்ற இடத்திலும் வென்றார். ஜேம்ஸ் மடிசன் பல்கலைக்கழகத்தில் ஐந்து பருவங்களில் 52 வெற்றி, 9 தோல்வி. மூன்று இடங்களிலும் வளம் குறைவு. மூன்றிலும் பெறுபேறு இருந்தது.

இந்தியானாவில் முதற் பருவமான 2024 இல் 11 வெற்றி, 2 தோல்வி. 2025 பருவத்தில் விளையாடிய 16 போட்டிகளிலும் வென்று, 2026 ஜனவரியில் அவ்வணி தேசிய சம்பியனானது. பல்கலைக்கழக வரலாற்றில் அது முதற் தடவை.

இந்த வேகத்திற்குக் காரணம் உண்டு. இப்போது வீரர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி உடனடியாக விளையாடலாம். 2021 முதல் தமது பெயரை விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பணம் சம்பாதிக்கவும் முடிகின்றது. 2025 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு வருமானத்தில் பங்கு கொடுக்கின்றன. சிக்னெட்டி தனது பழைய அணியிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட வீரர்களையும் உதவியாளர்கள் பலரையும் கூடவே அழைத்து வந்தார். முறை தெரிந்தவர்கள் வந்ததால் புதிதாகக் கற்பிக்கும் காலம் மிச்சமானது. தலைவரைத் தெரிவு செய்யும்போது அவரோடு யார் வருவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பாடம் 3: "நம்மவர்" என்பது மாத்திரம் தகைமையாகாது

நெப்ரஸ்கா 2017 டிசம்பரில் ஸ்கொட் புரொஸ்ட் என்பவரை நியமித்தது. அந்த மாநிலத்திலேயே வளர்ந்தவர். 1997 இல் சம்பியனான அணியின் முன்னணி வீரர். அதோடு 2017 இல் மத்திய புளோரிடா பல்கலைக்கழக அணியை ஒரு தோல்வியும் இன்றி வழிநடத்தியவர். இதைவிடப் பொருத்தமான தெரிவு இல்லை என்றே ஊரும் உலகமும் சொல்லின.

ஆனால் 16 வெற்றி, 31 தோல்வியுடன் 2022 செப்டெம்பரில் அவர் நீக்கப்பட்டார். எல்லோரும் ஒருமித்துப் பாராட்டும் தெரிவும் பிழைக்கலாம் என்பதை இது காட்டுகின்றது. மத்திய புளோரிடாவில் அவர் பணியாற்றியது இரண்டு பருவங்களே. இரண்டு வருட வெற்றி ஒரு நற்சான்றுதான். ஆனால் பல இடங்களில், பல வருடங்கள் நிரூபித்த வெற்றிக்கு அது சமமாகாது. சொந்த ஊரின் பாசம் கேள்வி கேட்க வேண்டிய வாயை மூடிவிடவும் கூடும்.

பாடம் 4: சேர்க்கும்போதே பிரிவதற்கான விலையையும் எழுதுங்கள்

டெக்ஸாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் 2017 இல் ஜிம்போ பிஷர் என்பவரைப் பத்து வருடங்களுக்கு 75 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் சேர்த்தது. முழுத் தொகைக்கும் உத்தரவாதம். அவர் வேறோர் அணியில் தேசிய சம்பியன் பட்டம் வென்றவர். 2021 இல் ஒப்பந்தம் மேலும் நீடிக்கப்பட்டது. 2023 நவம்பரில் அவர் நீக்கப்பட்டபோது, வேலை செய்யாமல் இருப்பதற்காகவே 75 மில்லியன் டொலருக்கும் மேல் கொடுக்க வேண்டியதாயிற்று.

நெப்ரஸ்காவும் புரொஸ்ட்டை நீக்கியபோது சுமார் 15 மில்லியன் டொலர் கொடுத்தது. இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் ஒப்பந்தப்படி அத்தொகை பாதியாகக் குறைந்திருக்கும். ஏன் பொறுக்கவில்லை? அதற்குள் அந்தப் பருவமும் இரசிகர்களின் நம்பிக்கையும் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சமே. ஆரம்பத்தில் ஆசையோடு போடும் கையெழுத்து, முடிவில் இப்படியான இக்கட்டில் கொண்டுவந்து நிறுத்துகின்றது.

பாடம் 5: தெரிவு செய்த பின் பொறுமை வேண்டும்

மீண்டும் ஸ்னைடரிடம் வருவோம். 1989 இல், முதற் பருவத்தில், அவர் பெற்றது ஒரே ஒரு வெற்றி. செப்டெம்பர் 30 ஆம் திகதி, போட்டியின் கடைசிக் கணத்தில் 20 இற்கு 17 என்று கிடைத்த வெற்றி. மற்றைய 10 போட்டிகளிலும் தோல்வி. அன்று பல்கலைக்கழகம் பதறியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவர் அவசரப்படவில்லை. அணிக்குப் புதிய இலச்சினை கொடுத்தார். பதினாறு இலக்குகளை எழுதி வீரர்களின் மனதில் பதித்தார். பெரிய அணிகள் கவனிக்காத இரண்டாண்டுக் கல்லூரிகளில் வீரர்களைத் தேடினார். தொடக்கத்தில் எளிய எதிரணிகளோடு விளையாடி வெல்லும் பழக்கத்தை வளர்த்தார். 1990 இல் 5 வெற்றி. 1991 இல் 7. இடையில் 1992 இல் மீண்டும் 5. 1993 இல் 9. 1998 இல் நாட்டின் முதலாம் இடம் வரை அணி உயர்ந்தது. இரண்டு தடவைகளாக 27 பருவங்கள் பணியாற்றி 215 வெற்றிகளோடு 2018 இல் அவர் ஓய்வு பெற்றார். இன்று மைதானம் அவரது குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

1992 ஐக் கவனியுங்கள். முன்னேறிய அணி ஒரு வருடம் பின்வாங்கியது. வெற்றி எண்ணிக்கையை மாத்திரம் பார்ப்பவர் அன்று அவரை நீக்கியிருப்பார். அத்திவாரம் போடப்படுகின்றதா என்று பார்த்தவர்களே அவரை வைத்துக்கொண்டார்கள்.

நேர்முகப் பரீட்சைக்கு முன் கேட்க வேண்டியவை

நமது வியாபாரமோ, சங்கமோ, பாடசாலையோ தலைவரைத் தேடும்போது இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நன்று.

1. நாம் தோற்பதற்கு உண்மையான காரணம் என்ன? ஆளா, வளமா, எதிர்பார்ப்பா?
2. இவர் குறைந்த வளத்தோடு எதையாவது கட்டியெழுப்பியிருக்கின்றாரா? எத்தனை இடங்களில்?
3. இவரோடு யார் வருவார்கள்? இவரது முறைக்கு நம்மிடம் உள்ளவர்கள் பொருந்துவார்களா?
4. இவர் பொருந்தாவிட்டால் கௌரவமாகப் பிரிய எவ்வளவு செலவாகும்?
5. முதல் வருடம் நட்டமானாலும் இவருக்குத் துணை நிற்க நாம் தயாரா?

கடைசிக் கேள்வி வருபவரிடம் கேட்கப்படுவதல்ல. நம்மிடமே நாம் கேட்க வேண்டியது. அதற்கு "ஆம்" என்று சொல்ல முடியாவிட்டால், எவ்வளவு நல்லவரைத் தெரிவு செய்தாலும் மூன்று வருடத்தில் மீண்டும் விளம்பரம் போட வேண்டிவரும்.