சுளகுக்கும் நாழிக்கும் ஒரு பதிவேடு

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அருவி, சித்திர சபை, பழக்கடை என்று மாணவர்களைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புகிறோம். மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்றும் அங்கே உண்டு. நாட்டுப்புறக் கலைப்பொருள்களை அதில் பார்க்கலாம். திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு அடுத்த முறை அங்கும் அழைத்துச் செல்லுங்கள். உள்ளே போகும்முன் மாணவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கொடுத்துவிடுங்கள்: இதைச் செய்தவர் யார்? இது யார் வீட்டில் இருந்தது?

உலகில் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் நாட்டுப்புறப் பொருள்களுக்கு இந்த இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் விடையின்றி நிற்கும். பொருளைச் சேர்த்த வேகத்தில் விவரத்தைச் சேர்க்கவில்லை.

சுவீடன் நாட்டின் ஆர்தர் ஹசேலியஸ் நம்மைப் போல ஆசிரியராக இருந்தவர். 1872இல் தாலார்னா பகுதிக்குச் சென்றபோது கிராமத்து உடைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் மறைந்துவருவதைக் கண்டு சேர்க்கத் தொடங்கினார். 1891இல் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். அமெரிக்க வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் ஜிரார்டு பல நாடுகளின் பொம்மைகளையும் துணிகளையும் மண்ணுருவங்களையும் சேர்த்தார். அவர் சாந்தா ஃபே நகர அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவை ஒரு இலட்சத்துக்கும் மேல். காட்சிப் பொருள்களின் அருகே விவரச்சீட்டு வைக்கக்கூடாது என்பது அவர் விருப்பம். கண்ணுக்கு அது விருந்துதான், வகுப்பறைக்குப் போதாது.

விவரம் இருந்தால் என்ன பயன் என்பதற்கு நம் பக்கத்து ஊரே சாட்சி. கல்லிடைக்குறிச்சி அறம்வளர்த்த நாயகி அம்மன் கோயிலின் நடராசர் சிலை 1982இல் களவு போனது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் இருந்த அது, 2019இல் ஊர் திரும்பியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த நிழற்படம் அதற்குச் சான்றாக நின்றது. அது நாட்டுப்புறக் கலை அல்ல, கோயில் செப்புத் திருமேனி. ஆனால் நம் வீட்டு மரச்செப்புக்கும் பித்தளைக் குடத்துக்கும் அப்படி ஒரு படம்கூடக் கிடையாது. பேரீச்சம்பழத்துக்குப் போனால் போனதுதான்.

ஆகவே பள்ளியில் காட்சி அறை வைக்க நினைக்கும் ஆசிரியருக்கு என் யோசனை: பொருள் வீட்டிலேயே இருக்கட்டும், விவரம் மட்டும் பள்ளிக்கு வரட்டும். ஒரு நீளப் பதிவேடு போதும். ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டில் ஒரு பொருளைத் தேர்ந்து, அளந்து, வரைந்து, பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதட்டும். வீட்டில் வழங்கும் பெயரையே எழுதச் சொல்லுங்கள். முறம் என்று பாடநூலில் படித்த பிள்ளை சுளகு என்றுதான் எழுத வேண்டும். திருவை, குலுக்கை, கொட்டான் எல்லாம் அப்படியே வரட்டும். யார் செய்தது, எந்த ஊரில் வாங்கியது, யாருடைய கலியாணத்துக்குச் சீராக வந்தது, எப்போது பயன்பாட்டிலிருந்து நின்றது என்பவை பொருளைவிட முக்கியம்.

பழைய பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். சிலவற்றில் ஆண்டும் இருக்கும். அதுவும் ஓர் ஆவணம்தான். படம் எடுப்பதற்காகப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கிவிட வேண்டாம், எழுத்து தேயும். ஓலைச்சுவடி இருந்தால் பிள்ளைகள் பிரிக்கவே கூடாது.

நாழி கிடைத்தால் கணக்கு ஆசிரியருக்குக் கொண்டாட்டம். இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால் என்பது பழைய வாய்பாடு. வீட்டிலேயே நாழியில் அரிசியை நிரப்பித் தலைதட்டி, லிட்டர் குவளையில் அளந்து குறித்து வரட்டும். மரத்தால் ஆனதில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரண்டு வீட்டு நாழிகள் ஒன்றுபோல் அளக்காவிட்டால் இன்னும் நல்லது. கூலி அளந்த நாழி எது, நெல் வாங்கிய நாழி எது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கத் தொடங்கினால் சமூக அறிவியல் பாடம் தானே வந்துவிடும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகும். கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டு. இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் வணிகம் செய்யவும் உரிமம் வேண்டும். தோண்டும்போது மண்ணிலிருந்து கிடைத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கோயில் பொருள், ஊர்ச் சாவடிப் பொருள் எதையும் மாணவர் கைப்பட எடுத்து வரக்கூடாது.

இன்னொன்று. பதிவேடு நிரம்பியதும் படங்களை வாட்சப் குழுவில் போடத் தோன்றும். எந்தத் தெருவில், யார் வீட்டில், என்ன பழம்பொருள் இருக்கிறது என்ற பட்டியல் அது. வாங்குபவரும் திருடுபவரும் தேடும் பட்டியலும் அதுவே. வீட்டாரின் ஒப்புதல் பெற்று எழுதுங்கள். முகவரியைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் தலைமையாசிரியர் அறையின் பீரோவில் பூட்டியிருக்கட்டும்.