வகுப்பறையில் ஓர் ஆதரவுக் குழு: பெற்றோர் அறிய வேண்டியவை

நாகமலை புதுக்கோட்டையிலிருந்தும் தேனி சாலையோரச் சிற்றூர்களிலிருந்தும் எங்கள் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர், பிள்ளையின் பள்ளிக் குறிப்பேட்டையும் உடன் கொண்டுவருகின்றனர். "வகுப்பில் அடங்கி உட்காருவதில்லை", "பக்கத்து மாணவனை அடித்தான்" என்னும் வரிகள் அதில் சிவப்பு மையில் இருக்கும். "இன்னொரு முறை நடந்தால் டி.சி. கொடுத்துவிடுவோம் என்கிறார்கள், டாக்டர். மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமா?" என்பதே அவர்களின் முதற்கேள்வி.

ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் கோளாறு உள்ள பிள்ளைக்கு மருந்து கவனத்தை நிலைப்படுத்த உதவும். வலிப்பு உள்ள பிள்ளைக்கு வலிப்பைக் கட்டுப்படுத்தும். ஆனால் எந்த மாத்திரையும் பிள்ளைக்கு ஒரு நண்பனைத் தேடித்தராது. இடைவேளையில் தனித்து நிற்கும் பிள்ளை பட்டப்பெயரால் சீண்டப்படுகிறான்; ஒரு நாள் பொறுமையிழந்து கையை ஓங்குகிறான். சீண்டியவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஓங்கிய கை மட்டுமே குறிப்பேட்டில் பதிவாகிறது. பல பிள்ளைகளிடம் நாங்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது. இதற்கான சிகிச்சையின் ஒரு பகுதி வகுப்பறையிலேயே நடந்தாக வேண்டும்.

ஆதரவுக் குழு என்பது யாது?

1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பார்பரா மெயின்ஸ், ஜார்ஜ் ராபின்சன் ஆகிய இருவரும், குற்றம் சாட்டாமலே சீண்டலைத் தீர்க்கும் ஒரு முறையை உருவாக்கினர். பின்னர் ஹல் நகரப் பள்ளிகளில் சூ யங் என்பவர் அதை ஆதரவுக் குழு முறையாக வளர்த்தெடுத்தார். அதன் படிகள் எளியவை.

1. பிள்ளை நம்பும் ஓர் ஆசிரியரோ ஆலோசகரோ அவனிடம் தனியே பேசுவார். யாரால் தொல்லை, அப்போது அருகில் இருப்பவர் யார், யாரோடு நட்பாயிருக்க விருப்பம் என்று கேட்பார். குழு அமைக்க அவன் சம்மதத்தையும் பெறுவார்.

2. தொல்லை தருபவர், வேடிக்கை பார்ப்பவர், நட்புக்கு உகந்தவர் என மூன்று தரப்பிலிருந்தும் ஆறு முதல் எட்டு மாணவர்களைச் சேர்ப்பார். அக்கூட்டத்தில் பிள்ளை கலந்துகொள்வதில்லை.

3. "நம் வகுப்பில் ஒருவர் மகிழ்ச்சியாக இல்லை, உங்கள் உதவி தேவை" என்று மட்டும் ஆசிரியர் கூறுவார். விசாரணையும் தண்டனையும் இல்லை. "மதியச் சாப்பாட்டின்போது அவன் அருகில் அமர்வேன்" என்பது போல, தாம் செய்யக்கூடிய சிறு உதவியை மாணவர்களே முன்மொழிவார்கள்.

4. ஒரு வாரம் கழித்துப் பிள்ளையையும் குழுவினரையும் தனித்தனியே சந்தித்து, மாற்றம் உண்டா என்று கேட்பார். தேவையெனில் குழு தொடரும்.

இதன் பலன் இரு வழிகளில் கிட்டுகிறது. தண்டனை இல்லாததால், காட்டிக் கொடுத்தான் என்று பழிவாங்கும் எண்ணம் எழுவதில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் உதவுவோராக மாறும்போது, சீண்டலுக்குச் சிரிக்க ஆள் இல்லாமற் போகிறது. சீண்டல் குறைந்தால் கை ஓங்கவும் காரணம் குறைகிறது.

நம் நாட்டு அனுபவம்

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சேஹர்' என்னும் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவுகள் 2018இல் லான்செட் இதழில் வெளியாயின. மாணவர் குழுக்கள், குறைகளை எழுதிப் போடும் பெட்டி, தனி ஆலோசனை ஆகியவை அதில் இடம்பெற்றன. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் சீண்டலும் வன்முறையும் மனச்சோர்வும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை. எனவே குழுவை நடத்துபவருக்குப் பயிற்சியும் அதற்கென ஒதுக்கிய நேரமும் வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி உண்டு. 2024இல் தொடங்கப்பட்ட 'மகிழ் முற்றம்' திட்டத்தில் மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளனர். இவை ஆதரவுக் குழுக்கள் அல்ல. எனினும், ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்க நல்ல வாயில்கள்.

எச்சரிக்கைகள்

அடங்காத பிள்ளைகளை மட்டும் ஒன்றுசேர்த்துக் குழு அமைப்பது தீங்காக முடியலாம். அத்தகைய பதின்வயதினர் ஒருவரையொருவர் ஊக்குவித்து மேலும் வழிதவறியதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே குழு கலவையாகவே இருக்க வேண்டும்.

கடும் தாக்குதல், சாதிய வன்கொடுமை, பாலியல் துன்புறுத்தல் ஆகியவற்றுக்கு இம்முறை தீர்வாகாது. அவற்றைச் சட்டப்படியே கையாள வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098ஐ உடனே அழையுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

- தலைமையாசிரியரைச் சந்திக்கும்போது புகாருடன் தொடங்காதீர்கள். "என் பிள்ளைக்கு இரண்டு நண்பர்கள் கிடைக்க உதவுங்கள்" என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையையும் கொடுங்கள்.
- நோயின் பெயரைச் சக மாணவர்களிடம் கூறத் தேவையில்லை. கூறுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையோடு கலந்து முடிவு செய்யுங்கள்.
- அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. தேவைப்பட்டால் இதைப் பணிவுடன் நினைவூட்டுங்கள்.
- குழு நன்கு நடக்கிறது என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.
- அடுத்த முறை வரும்போது, "இந்த வாரம் யாரோடு சாப்பிட்டாய்?" என்பதற்குப் பிள்ளை சொன்ன பதிலை எங்களிடம் கூறுங்கள்.

மனம் தளரும் வேளையில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். இது பிள்ளைகளுக்கு மட்டுமன்று, உங்களுக்கும் உரியது. பள்ளி விரும்பினால், பெற்றோரின் சம்மதத்தோடு ஆசிரியரிடம் பேச நாங்களும் ஆயத்தமாயிருக்கிறோம். டி.சி. வாங்குவதற்கு முன் ஒருமுறை எங்களிடம் வாருங்கள்.