ஒழுகும் செம்புக் குழாயைப் பற்றவைக்கும் முன்: கணவனும் மனைவியும் அறிய வேண்டியவை



செஞ்சிப் பக்கம் மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காத கோயில் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஒட்டே இல்லாத வேலை! நம் வீட்டுக் குழாய் அப்படியல்ல. ஒட்டு உள்ள இடத்தில்தான் ஒழுக்கு வரும்.

சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்த வீடுகளில் செம்புக் குழாய் இருக்கலாம். அதன் பற்றவைப்பு விட்டுப்போனால் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஆனால் எந்த ஈயத்தால் என்பதில்தான் குடும்ப நலம் இருக்கிறது.

எந்த ஈயம்?

நாம் ஈயம் என்று ஒரே பேச்சாகச் சொன்னாலும் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரேடியோ ரிப்பேருக்கு வாங்கும் பற்று ஈயத்தில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். "ரசச் சொம்பும் ஈயம்தானே, என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்பீர்கள். நல்ல ரசச் சொம்பு வெள்ளீயம். காரீயமோ நஞ்சு.

காரீயம் தண்ணீரில் சிறுகச் சிறுகக் கரையும்; வெந்நீரில் கூடுதலாகக் கரையும். நிறம், ருசி எதுவும் காட்டாது. கொதிக்க வைத்தாலும் போகாது. கர்ப்பிணியின் ரத்தத்தில் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது. அமெரிக்காவில் 1986-லேயே குடிநீர்க் குழாய்க்குக் காரீயப் பற்றைத் தடை செய்துவிட்டார்கள்.

ஆகவே கடையில் "காரீயம் கலக்காத பற்று" என்று கேட்டு, உறையைப் படித்து வாங்குங்கள்.

செய்யும் முறை

1. தண்ணீரை அடைத்து, குழாயை முழுக்க வடியுங்கள். உள்ளே துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகிச் சூட்டை இழுத்துவிடும், ஈயம் பிடிக்காது. மின்சூடேற்றி இருந்தால் மெயினை அணையுங்கள்.

2. ஒட்டைச் சூடாக்கிக் கழற்றி, பழைய ஈயத்தைத் துடைத்தெடுங்கள். இரு முனையையும் உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள்.

3. பற்றுப்பசையை மெல்லிசாகத் தடவி முனைகளைச் சேருங்கள்.

4. தீயை ஈயத்தில் காட்டாதீர்கள்; குழாயில் காட்டுங்கள். காரீயமற்ற பற்று சுமார் 220 டிகிரிக்கு அப்புறமே உருகும். குழாய் சூடானதும் ஈயத்தைத் தொட்டால், அது தானே இடுக்குக்குள் ஓடிப் புகும். பசை கருகினால் சூடு மிஞ்சிவிட்டது. மறுபடி தேய்த்துத் தொடங்குங்கள்.

5. ஆறும்வரை அசைக்காதீர்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்து, சில நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள்.

பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். கேஸ் அடுப்புக் குழாயில் மட்டும் கை வைக்காதீர்கள். அது ஏஜென்சி ஆள் வேலை.

நினைவில் வையுங்கள்

வேலை நடக்கும்போது கர்ப்பிணியும் பிள்ளைகளும் தள்ளி இருக்கட்டும். பழைய ஈயத் துகளை வாரிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கை கழுவி, சட்டை மாற்றிய பின்பே பிள்ளையைத் தூக்குங்கள்.

குழாய் வெந்நீரைச் சமையலுக்கோ, பால்பவுடர் கரைக்கவோ எடுக்காதீர்கள். குளிர்ந்த நீரைக் காய்ச்சிக்கொள்ளுங்கள். பழைய பற்றில் என்ன ஈயம் என்று தெரியாத வீட்டில், இரவெல்லாம் குழாயில் தேங்கிய தண்ணீரைக் காலையில் செடிக்கு விடுங்கள்.

இந்தத் தண்ணீரைப் பிள்ளை வெகுநாள் குடித்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்பில் காரீயம் இருப்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.