கருணைக் கண்ணும் கைப்பிடி அரிசியும்

தியானப் பகுதி: 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள், மத்தேயு 6:19-24



மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலையில் இட அரிசி அளக்கும்போது, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வேறொரு பாத்திரத்தில் போடும் வழக்கம் உண்டு. 'புஹ்ஃபாய் தாம்' என்று அதற்குப் பெயர். புஹ்ஃபாய் என்றால் அரிசி. தாம் என்றால் கைப்பிடி. காலையில் சமைத்தால் காலையில் ஒரு பிடி, மாலையில் சமைத்தால் மாலையில் ஒரு பிடி. சபையின் சகோதரிகள் வீடு வீடாகச் சென்று அதைச் சேகரிக்கிறார்கள். சேர்ந்த அரிசி விற்கப்பட்டு, அந்தப் பணம் ஊழியத்திற்குச் செல்கிறது. 1910-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கம் நூறு ஆண்டுகளைக் கடந்த பின்பும் நின்றுவிடவில்லை. அந்தச் சபை இன்று தன் மிஷனெரிகளை இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது.

கைப்பிடி அரிசிக் காணிக்கை நம் தென்னிந்தியச் சபைகளுக்கும் தெரியாத ஒன்றல்ல. ஆனாலும் மிசோ மக்களின் காரியத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். லொரெய்ன், சாவிட்ஜ் என்னும் இரண்டு வாலிப மிஷனெரிகள் அந்த மலைநாட்டில் கால்வைத்தது 1894 ஜனவரியில்தான். பதினாறே ஆண்டுகளில் அங்கிருந்த இளம் விசுவாசிகள் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். இரண்டாவது, அது அரிசி மிகுந்து கிடந்த தேசம் அல்ல. அந்த மலைகளில் ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் காடுகள் பூத்துக் காய்க்கும். அதைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்தவுடன் அவை வயல்களிலும் களஞ்சியங்களிலும் இறங்கும். 'மௌதாம்' என்று மிசோக்கள் பயந்து சொல்லும் அந்தப் பஞ்சம் 1911-12-இல் வந்தது. பின்பு 1959-இல் வந்தது. மறுபடியும் 2007-ஐ ஒட்டி வந்தது. கைப்பிடி அரிசி வழக்கம் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் பஞ்சம் வந்து நின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் போன்றோர் பிரசங்கங்களில் இதைச் சொல்லும்போது, சேர்ந்த தொகை எவ்வளவு என்பதையே சொல்லிச் சபையாரை வியக்க வைக்கிறோம். அந்தப் பிடி எப்பொழுது எடுக்கப்படுகிறது என்பதை யோசிப்பதில்லை. சமைப்பதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. வீட்டார் உண்டு முடித்தபின் பானையில் மிஞ்சியதல்ல அது. பிள்ளைகளின் பசி தீருமா, விருந்தினர் வருவார்களா என்னும் கணக்கெல்லாம் முடிவதற்கு முன்பே அந்தக் கை அரிசிக்குள் போய்விடுகிறது. லேவியராகமம் 2-ஆம் அதிகாரத்தின் போஜனபலியிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். ஆசாரியன் மாவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பலிபீடத்தின்மேல் தகனித்த பின்புதான் மீதியானது ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும் உரியதாகும்.

உதாரகுணம் என்பது உண்மையில் என்ன? பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதும்போது, மக்கெதோனியா நாட்டுச் சபைகளைச் சாட்சியாக நிறுத்துகிறார் (2 கொரி. 8:1-5). பிலிப்பியிலும் தெசலோனிக்கேயிலும் விசுவாசிகள் பட்ட உபத்திரவத்தை அப்போஸ்தலர் நடபடிகள் 16, 17 அதிகாரங்களில் வாசிக்கிறோம். மிகுந்த தரித்திரத்தில் இருந்த அவர்கள், எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகத் தங்கள் திராணிக்கும் மிஞ்சிக் கொடுத்தார்கள். அதிலும் விநோதம், பவுல் அவர்களை வருந்திக் கேட்கவில்லை. அவர்களே பவுலை வருந்திக் கேட்டார்கள். அந்த தர்ம ஊழியத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மன்றாடினார்கள். காணிக்கைப் பையை நீட்டுகிறவன் தயங்கி நிற்க, போடுகிறவன் கெஞ்சுகிற சபை அது!

அவர்களுடைய இந்தக் குணத்திற்குப் பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'ஹப்ளோடேஸ்' என்பது. நம் தமிழ் வேதாகமம் அதை அங்கே 'உதாரத்துவம்' என்று மொழிபெயர்த்திருக்கிறது. அதே சொல் ரோமர் 12:8-இல் பகிர்ந்து கொடுக்கிறவனைப் பற்றி வரும்போது 'வஞ்சனையில்லாமல்' என்று ஆகிறது. கொலோசெயர் 3:22-இல் வேலைக்காரருடைய கபடமில்லாத இருதயத்தைக் குறிக்கவும் அதே சொல்தான் நிற்கிறது. அதன் வேர்ப்பொருள் ஒருமை, மடிப்பில்லாமை. ஒரு துணியை மடித்தால் உள்ளே ஒரு பக்கம் மறைந்துவிடும். மடிக்காத துணியில் மறைவதற்கு இடமில்லை. கொடுக்கிற கை ஒன்றாகவும் உள்ளே ஓடுகிற எண்ணம் வேறொன்றாகவும் இருந்தால், தொகை எவ்வளவு பெரியதாயினும் அதற்குப் பவுல் இந்தச் சொல்லைக் கொடுக்கமாட்டார்.

இச்சொல்லின் நெருங்கிய உறவுச் சொல்லைத்தான் நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் கண்ணைப் பற்றிச் சொல்லுகிறார் (மத். 6:22). சரீரத்தின் விளக்காகிய கண் தெளிவாயிருப்பதையும் கெட்டதாயிருப்பதையும் பற்றிய அந்த வசனங்களைப் பரிசுத்தமான பார்வை, அசுத்தமான பார்வை என்ற அளவில் மாத்திரமே பலர் விளக்குகிறோம். ஆனால் அவை எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன? முன்னால் பூமியிலும் பரலோகத்திலும் சேர்க்கும் பொக்கிஷங்கள். பின்னால் தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஒருங்கே ஊழியம் செய்ய இயலாமை. இரண்டுக்கும் நடுவில் கண். ஆகவே ஆண்டவர் இங்கே பணத்தைப் பார்க்கிற கண்ணைப் பற்றியும் பேசுகிறார் என்பது தெளிவு.

எபிரெயருடைய வழக்கில் இது புதியதல்ல. நீதிமொழிகள் 22:9-இல் தன் ஆகாரத்தைத் தரித்திரனோடு பகிர்கிறவனைத் தமிழ் வேதாகமம் 'கருணைக்கண்ணன்' என்கிறது. மூலத்தில் நல்ல கண்ணுள்ளவன். 23:6-லும் 28:22-லும் வருகிறவன் 'வன்கண்ணன்'. மூலத்தில் கெட்ட கண்ணுள்ளவன். திராட்சத்தோட்டத்து எஜமான் முறுமுறுத்த வேலைக்காரனிடம் கேட்கும் கேள்வியிலும் அதே வன்கண்தான் (மத். 20:15). அந்த வேலைக்காரனுக்குரிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. அடுத்தவன் பெற்றது அவன் கண்ணை உறுத்திற்று, அவ்வளவுதான். நம்முடைய தமிழிலும் ஈரம் கண்ணில்தான் தொடங்குகிறது. திருக்குறளில் 'கண்ணோட்டம்' என்று ஓர் அதிகாரமே உண்டு. பிறரைக் கண்டவுடன் நெஞ்சு இளகுவதற்கு வள்ளுவர் கொடுத்த பெயர் அது. இன்று அந்தச் சொல்லை வெறும் 'அபிப்பிராயம்' என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டோம் என்பது வேறு கதை.

கண் எப்படிக் கெடுகிறது என்பதை உபாகமம் 15:7-11 நுட்பமாகக் காட்டுகிறது. இஸ்ரவேலில் ஏழாம் வருஷம் விடுதலையின் வருஷம், கடன்கள் விட்டுவிடப்படும். ஆறாம் வருஷத்தின் முடிவில் ஓர் ஏழைச் சகோதரன் வந்து கடன் கேட்கிறான். கொடுத்தால் திரும்பிவராது என்பது கேட்கப்படுகிறவனுக்குத் தெரியும். அவன் இன்னும் வாய் திறக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. காலண்டரைப் பார்க்கிறான், அவ்வளவுதான். அந்த நொடியிலேயே அவன் கண் கெட்டுவிட்டது என்கிறது நியாயப்பிரமாணம். முதலில் கண் கெடுகிறது, பின்பு இருதயம் கடினப்படுகிறது, கடைசியில்தான் கை மூடுகிறது. மூடிய கையை மாத்திரம் பிரசங்கத்தினால் திறக்க முயலுகிறோம். அதனால்தான் மிஷனெரி ஞாயிறன்று திறந்த கை திங்கட்கிழமை மறுபடியும் மூடிக்கொள்கிறது.

இங்கே என்னுடைய ஒரு குற்றத்தை அறிக்கையிடுவது நலம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில், பணித்தளத்துக் குடும்பங்களுக்காக எங்கள் ஜெபக்குழுவில் துணிகள் சேகரித்தோம். அறிவிப்புக் கொடுத்தவன் நான். என் வீட்டிலிருந்தும் ஒரு பை நிறைய எடுத்துச் சென்றேன்: காலர் நைந்த சட்டைகள், ஜிப் பழுதான இரண்டு கால்சட்டைகள், சாயம் போன ஒரு சேலை. அலமாரியில் இடம் கிடைத்தது. மனதிற்கும் நிறைவாக இருந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பணித்தளத்திற்கே போகும் வாய்ப்புக் கிடைத்தது. ஊழியரின் மனைவி எங்களுக்கு உணவு பரிமாறினார்கள். வீட்டிலிருந்த ஒரே கோழி அன்று எங்கள் இலையில் இருந்தது என்பதை அவர்களுடைய சின்ன மகன் சொல்லித்தான் அறிந்தோம். அவன் உடுத்தியிருந்த கால்சட்டை எனக்கு மிகவும் பழக்கமானதாய்த் தோன்றிற்று. இடுப்பில் வெட்டித் தைத்து, பழுதான ஜிப்பை எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்திருந்தார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. துணி அனுப்பினதற்காக நன்றி சொன்னார்கள். அந்த நன்றியைக் கேட்டபின் கோழிக்கறி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

நான் கொடுக்காதவன் அல்ல, கொடுத்தவன்தான். ஆனால் என் கண் அந்தப் பையனைப் பார்க்கவில்லை, என் அலமாரியைப் பார்த்தது. மடிப்புள்ள காணிக்கை அது. என் வீட்டுக் குப்பை வெளியேறினதற்கும் தர்மம் என்று பெயர் சூட்டிக்கொண்டேன்.

சாறிபாத் ஊர் விதவையை இந்த வெளிச்சத்தில் மறுபடியும் வாசிக்கலாம் (1 இராஜா. 17:8-16). பானையில் ஒரு பிடி மா, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், கையில் இரண்டு விறகு. தானும் மகனும் அதைச் சாப்பிட்டுவிட்டுச் சாவதென்று அவள் திட்டமிட்டிருக்கிறாள். எலியா அவளிடம் எல்லாவற்றையும் கேட்கவில்லை. முதலாவது ஒரு சிறிய அடை கேட்கிறான். மிசோ வீட்டுப் பாத்திரத்தில் விழுகிற பிடியின் இடமும் அதுவே: முதலாவது. பின்பு நடந்ததையும் அளவோடு வாசிப்பது நல்லது. பானை நிரம்பி வழிந்ததாக வேதம் சொல்லவில்லை. அது செலவழிந்துபோகவில்லை என்றே சொல்லுகிறது. அவள் ஐசுவரியவதியாகவில்லை. பஞ்சம் தீருமட்டும் அவள் ஒவ்வொரு நாளும் அதே பானைக்குள் கைவிட்டு அந்த நாளுக்கான மாவை எடுத்தாள். கொடுத்தால் இத்தனை மடங்கு திரும்பிவரும் என்று கணக்குச் சொல்லிக் காணிக்கை வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியை வாசிக்கிறார்களா என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு. பவுலும், தேவன் நம்மைச் சம்பூரணமாக்குவது மேலும் கொடுப்பதற்கே என்கிறார் (2 கொரி. 9:8-11).

கைப்பிடி அரிசி ஒரு தொகையைச் சேர்க்கும் உபாயம் மாத்திரம் அல்ல. அது கண்ணைப் பழக்குகிறது. ஒவ்வொரு வேளையும் அடுப்பை மூட்டுமுன், தான் காணாத ஒருவர் அந்தச் சமையலறைக்குள் நினைவாக வந்து நிற்கிறார். அருகில் நிற்கும் சிறுமி அதைப் பார்த்து வளருகிறாள். உதாரகுணம் உண்டென்று யாரும் அவளுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அரிசி அளக்கும் விதமே அப்படித்தான் என்று அவள் எண்ணிக்கொள்வாள். 1 கொரிந்தியர் 16:2-இல் வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத்தக்கதாக எடுத்துவைக்கும்படி பவுல் சொன்னதும் இதற்காகவே. நான் வந்தபின் உருக்கமாகப் பேசிச் சேர்க்க வேண்டாம், வருமுன்னே வாரந்தோறும் சேர்த்து வையுங்கள் என்பது அவர் விருப்பம்.

கொரிந்தியரிடம் அது எளிதில் நடக்கவில்லை. ஒரு வருஷத்திற்கு முன்பே ஆர்வத்தோடு முதலில் ஆரம்பித்தவர்கள் அவர்கள்தான் (8:10). அவர்களுடைய ஜாக்கிரதையைச் சொல்லித்தான் பவுல் மக்கெதோனியரை ஏவினார் (9:2). ஆரம்பித்தவர்கள் நடுவழியில் நின்றுவிட, பின்னால் கேட்டவர்கள் முடித்துவிட்டார்கள். பவுல் தீத்துவையும் வேறு இரண்டு சகோதரரையும் அனுப்பி, வெட்கப்பட்டுப்போகாதபடி ஆயத்தமாயிருங்கள் என்று எழுத வேண்டியதாயிற்று. இரண்டு அதிகாரங்கள் முழுவதும் கெஞ்சியும் அறிவுறுத்தியும் எழுதியபின், கொரிந்தியர் என்ன செய்தார்கள் என்பதை அந்த நிருபத்தில் நாம் அறிய முடியாது. அதை அறிய ரோமருக்கு எழுதின நிருபத்திற்குப் போக வேண்டும். எருசலேமுக்குப் புறப்பட ஆயத்தமாய் இருக்கும் பவுல், 15-ஆம் அதிகாரம் 26-ஆம் வசனத்தில், மனமுவந்து கொடுத்தவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். மக்கெதோனியா என்று எழுதி, பக்கத்திலேயே அகாயா என்றும் எழுதுகிறார். கொரிந்து அகாயாவில் இருந்தது.