ஆண் மகவுக்கு எப்பெயர்?

நம் தோட்டங்களில் ஆண் மகவு பிறந்ததும் சரவணன், கதிரவன், எழிலன் எனப் பலரும் விரும்பும் பெயர்கள் முன்வருகின்றன. முருகன், ஞாயிறு, அழகன் என மூன்றும் நற்பொருள் தருவனவே. இவற்றுள் ஒன்றைத் தேர்வது எங்ஙனம்?

பிறப்புப் பத்திரத்தில் பெயர் ரோமன் எழுத்தில் பதியப்படுவதை நாம் மறத்தலாகாது. சரவணன் என்பதைப் பெரும்பாலோர் ஒரே வகையாக எழுதுவர். கதிரவனிலுள்ள தகரத்தை இருவர் இருவகையாக எழுதுவர். எழிலனிலுள்ள ழகரத்திற்கோ நேர் எழுத்தே இல்லை. சிலர் 'எல்' இடுவர், சிலர் 'இசட்', 'எச்' இடுவர்.

12 வயதில் பெறும் அடையாளக் கார்டு, பள்ளிச் சான்றிதழ், ஊழியர் சேமநிதிக் கணக்கு யாவும் அப்பத்திரத்தையே பின்பற்றுவன. ஓரெழுத்து மாறினும், அவன்தான் இவன் என மெய்ப்பிக்கப் பிள்ளை வேலையை விட்டு அலைய நேரும்.

ஆதலால் எழிலன் என்னும் பெயர் வேண்டா என்பதன்று நம் கருத்து. விரும்பிய பெயரையே சூட்டுவோம். ஆயின், பெற்றோர் இருவரும் எழுத்துகளை முன்னரே முடிவு செய்து, தாளில் தெளிவாக எழுதித் தேசியப் பதிவு இலாகாவுக்கு எடுத்துச் செல்வோம். தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் தவணை உண்டு. எனவே ஆர அமர எண்ணலாம். பத்திரம் கைக்கு வந்ததும், முகப்பை விட்டு அகலுமுன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்போமாக.