சண்டை நாய்களும் அவற்றை ஏற்ற இல்லங்களும்

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. நாய் வாலை நிமிர்த்தல் இயலாதென்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து, இளமையிற் கெடுக்கப்பட்ட நாய் இறுதிவரை கெட்டதே எனத் துணிவார் பலர். அத்துணிபு உண்மையாயின், கொடியோர் கையினின்று மீட்ட நாயை ஓர் இல்லத்திற் சேர்த்து வளர்த்தல் வீண் முயற்சியாகும். சிறுவர் உள்ள வீட்டில் ஆபத்துமாகும். இது சொல்வாதத்தால் முடியத்தக்கதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2007-ஆம் ஆண்டில் எழுந்த ஒரு வழக்கு இதனைச் சோதித்தறிய இடந்தந்தது. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மைக்கேல் விக் என்பவர் அமெரிக்கக் காற்பந்தாட்டத்திற் பெரும் புகழும் பெருஞ் செல்வமும் ஈட்டியவர். வர்ஜீனியா மாகாணத்துச் சர்ரி என்னும் நாட்டுப்புறத்தில் அவருக்கு ஒரு வீடும் நிலமும் இருந்தன. 2007 ஏப்ரலில் வேறொரு குற்றத்தைப் பற்றித் துப்பறிய அங்குச் சென்ற அதிகாரிகள், வீட்டின் பின்புறத்தே கருநிறம் பூசிய கொட்டகைகளையும், மரங்களினிடையே கட்டுண்டு கிடந்த ஐம்பதுக்கு மேற்பட்ட நாய்களையும் கண்டனர். பெரும்பாலானவை பிட்புல் என்னும் வகையின. மோட்டார் வண்டியின் அச்சுகளை மண்ணிற் புதைத்து, அவற்றிற் கனத்த சங்கிலிகளைப் பிணைத்திருந்தனர். ஒரு நாய் அடுத்த நாயைக் காணலாம். எட்டித் தொடல் இயலாது. பந்தயம் வைத்துச் சண்டையிடச் செய்தற்கே இவை வளர்க்கப்பட்டன. சண்டைக் குணம் காட்டாத நாய்களை நீரில் அமிழ்த்தியும் தூக்கிலிட்டும் கொன்ற செய்தியும் வழக்கில் வெளிப்பட்டது. அதனை விரித்துரைக்க நாம் விரும்புகின்றிலம்.

குற்றவாளியை என் செய்வதென்பதிற் சிக்கலில்லை. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அவ்வாண்டு டிசம்பரில் 23 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். நாய்களை என் செய்வதென்பதே கேள்வி. அதுகாறும் இருந்த வழக்கம் யாதெனின், சண்டை நாய்களை வழக்கு முடியுந்துணையும் சான்றுப் பொருள்களாகக் கூண்டில் அடைத்து வைத்திருந்து, பின்னர்க் கொன்றுவிடுதலாம். பிராணிகளின் நலம் பேணும் பெருஞ் சங்கங்கள் சிலவும் இவற்றைக் கொல்லுதலே தக்கதென்றன. அவர்களை இரக்கமற்றோர் எனல் பொருந்தாது. கடிக்கப் பழக்கிய நாய் பிற்காலத்தில் ஒரு குழந்தையைக் கடித்தால் யார் பொறுப்பு என்பதே அவர்கள் அச்சம்.

ஆயினும் இம்முறை அரசாங்கத்தார் வேறு வழி சென்றனர். செப்டம்பர் மாதத்தில் பிராணி நடத்தையை ஆராயும் வல்லுநர் குழுவொன்று 49 நாய்களைத் தனித்தனியே சோதித்தது. அயலான் ஒருவன் அணுகினால் என் செய்கின்றது, உண்ணும்போது செயற்கைக் கையொன்றை உணவுக்கலத்தில் நீட்டினால் உறுமுகின்றதா, குழந்தையளவான பொம்மையைக் கண்டால் எவ்வாறு நடக்கின்றது, மற்றொரு நாயைக் கண்டால் பாய்கின்றதா என்பன அவர்கள் நோக்கியவை. சீறிப் பாய்வன பலவாயிருக்கும் என்றெண்ணிச் சென்றவர்கள் கண்டது அச்சமே. பல நாய்கள் மனிதரைக் கண்டவுடன் வயிறு நிலத்திற் படிய ஒடுங்கி நடுங்கிக் கிடந்தன. சினத்தின் மிகுதியாற் கொல்லத்தக்கதென வல்லுநர் முடிவு செய்தது ஒன்றே ஒன்று!

நீதிபதி ஹென்றி ஹட்சன், ரெபெக்கா ஹஸ் என்னும் சட்டப் பேராசிரியையை இந்நாய்களுக்குப் பாதுகாவலராக நியமித்தார். நாதியற்ற சிறாருக்குக் காவலரை நியமித்தல் நாம் அறிந்தது; நாய்களுக்கு நியமித்தல் புதுமையே. நாய்களின் பராமரிப்புக்கென விக் 9,28,073 டாலர் செலுத்தவேண்டுமென்றும் கட்டளை பிறந்தது. நாய்கள் பல சங்கங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவற்றுள் 22 நாய்கள் 2008 ஜனவரியில் யூட்டா மாகாணத்துக் கனாப் என்னுமிடத்திலுள்ள சரணாலயத்தை அடைந்தன.

இனி, நாயின் சுபாவம் உருவாகும் முறையைச் சிறிது காண்போம். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி உலகத்தோடு உறவு பழகும் பருவமென்று ஸ்காட், புல்லர் என்னும் இருவர் நெடுங்காலம் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூலிற் காட்டினர். அப்பருவத்திற் காணாதவற்றை நாய் பின்னர் அஞ்சும். அவ்வளவிற்குத் தொட்டிற் பழக்கம் என்பது மெய்யே. சங்கிலியிலேயே வளர்ந்த நாய்க்கு மாடிப்படி ஒரு மலை. வழுவழுப்பான தரை ஒரு பொறி. கதவு சாத்தும் ஓசை ஓர் இடி. ஆனால் அச்சம் வேறு, கொடுமை வேறு. அச்சத்தை மெல்ல மெல்லக் கரைக்கலாம். நாய் அஞ்சும் பொருளை முதலில் அது நடுங்காத தொலைவில் வைத்து, அப்பொழுதே அதற்கு விருப்பமான தின்பண்டம் ஈவர். நாள் செல்லச் செல்லத் தொலைவைக் குறைப்பர். அச்சம் நீங்கிய வேறொரு நாயைத் துணையாக விடுவதும் உண்டு. மனிதர் பத்து நாளிற் கற்பிக்க இயலாததைத் துணைநாய் ஒரு மாலையிற் கற்பித்துவிடும். உணவும் உலாவும் உறக்கமும் நாடோறும் ஒரே வேளையில் நிகழ்தல் வேண்டும். அடுத்து நிகழ்வது இன்னதென அறிந்த பின்னரே நாய் அமைதியுறும். இவற்றுள் எதுவும் அரிய வித்தையன்று, பொறுமையே அரிது.

இவ்வாறு பேணப்பட்டவற்றுள் ஜானி என்பது சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஓர் இல்லத்தை அடைந்தது. பின்னர், வாசிக்கத் தடுமாறும் சிறுவர்கள் அதன் அருகமர்ந்து உரக்கப் படிக்க, அது செவி சாய்த்துக் கிடக்கும் பணியை மேற்கொண்டது. பிழை கண்டு நகையாத ஆசிரியர் அதனினும் சிறந்தவர் உளரோ என நம் கல்லூரி ஆசிரியர்கள் சிந்திப்பாராக! லியோ என்பது புற்றுநோயாளரைக் கண்டு அவர் படுக்கையருகே ஆறுதலாய் நின்றது. ஹெக்டர் என்பதன் மார்பிற் சண்டைத் தழும்புகள் மறையவேயில்லை. அதுவும் நோயாளரையும் பள்ளிச் சிறாரையும் காணச் செல்லும் சாதுவாயிற்று. ஜாஸ்மின் என்னும் பெண்நாயோ இவ்வாறு பொதுப்பணி ஒன்றும் செய்யவில்லை. அச்சத்தால் கூண்டைவிட்டு வெளிவர மறுத்த அது, தன்னை ஏற்றவரின் நெடும் பொறுமையாற் புல்வெளியில் நடக்கக் கற்றது. 2008 டிசம்பரில் ஒரு பெரும் விளையாட்டுப் பத்திரிகையின் அட்டையில் அதன் படமே வெளிவந்தது. நம் மதிப்பில் ஜாஸ்மின் அடைந்த வெற்றி மற்றவற்றின் வெற்றிக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று.

எல்லாம் இனிதே முடிந்தனவென்று கூறுதலும் பிழையாகும். சில நாய்கள் சாமளவும் கூச்சம் நீங்காமலேயிருந்தன. சில, வேறு நாயில்லாத வீட்டில் மட்டுமே வாழத் தக்கவையாயின. லூகாஸ் என்பது பல சண்டைகளில் வென்ற நாய். அது சரணாலயத்தைவிட்டு வெளியேறலாகாதென்பது நியாயஸ்தலத்தின் ஆணை. மனிதரிடத்து அது காட்டிய அன்போ எல்லையற்றது. வருவோர் போவோர் யாவரையும் வாலாட்டி வரவேற்று, 2013-இல் அங்கேயே உயிர் நீத்தது. ஆதலின் இன்ன நாய்க்கு இன்ன இல்லம் என ஆராய்ந்து சேர்த்ததே இம்முயற்சி பலித்தமைக்குக் காரணமென்போம். இரக்கம் ஒன்றையே நம்பி எந்நாயையும் எவ்வீட்டிலும் விட்டிருப்பின் விளைவு வேறாயிருக்கும்.

2009 பெப்ருவரியில் வட கரோலினா மாகாணத்தில் வேறொருவன் கொட்டிலினின்று கைப்பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட நாய்களை, குட்டிகள் உட்பட, சோதியாமலே கொன்றனர். விக் வழக்கின் நாய்கள் வீடுகளில் வாழ்ந்து கொண்டிருந்த காலமாதலின், மக்கள் வாளாவிருக்கவில்லை. பெருங் கண்டனம் எழவே, முன்பு கொல்லுதலை ஆதரித்த பெருஞ் சங்கமொன்று அவ்வாண்டிலேயே தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. சண்டைக் கொட்டிலினின்று வரும் நாய் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் வேண்டுமென்பது அதன் புதிய விதி.

விக் நிலத்தினின்று மீண்டவற்றுள் ஃபிராடோ என்பது கைப்பற்றப்பட்டபோது சிறு குட்டி. மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்த பின்னும் கலிபோர்னியா மாகாணத்தில் தன்னை ஏற்ற குடும்பத்தாரோடு வாழ்ந்து, 2021 டிசம்பரில், நாய்களுக்கு முதிர்ந்த வயதாகிய பதினைந்தை ஒட்டி அது இறந்தது.